பேம்பர்ஸை எப்போது கழற்றலாம்? கழிவறைப் பழக்கத்துக்கு நேரம் பார்க்கும் வழி

குழந்தைக்கு ஒன்றரை வயது தாண்டியதும் வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும். "உங்களையெல்லாம் ஒரு வயசுலயே பழக்கிட்டோம், இப்பதான் பேம்பர்ஸ் போட்டுக் கெடுக்குறீங்க" என்பார் பாட்டி. "ப்ரீ கேஜிக்கு வரும்போது டயப்பர் இல்லாம வரணும்" என்பார்கள் பள்ளியில். பாட்டி வயதைச் சொல்கிறார், பள்ளி மாதத்தைச் சொல்கிறது. குழந்தையின் சிறுநீர்ப்பை எந்த நிலையில் இருக்கிறது என்று இருவருமே பார்க்கவில்லை. அதை வீட்டிலேயே மூன்று நாளில் பார்த்துவிடலாம்.

முதலில் வயதுக் கணக்கு. பெரும்பாலான குழந்தைகளிடம் 18 முதல் 24 மாதத்துக்குள் அறிகுறிகள் தெரிய ஆரம்பிக்கும். முறையாகப் பழக்க ஏற்ற காலம் 2 வயதுக்கும் 3 வயதுக்கும் இடையில் வரும். பகலில் நனைக்காமல் இருப்பது 3 முதல் 4 வயதுக்குள் கைவரும். சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் முடியும் என்று நினைப்பது இயல்புதான், ஆனால் அப்படி நடப்பதில்லை. 2003-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், 27 மாதத்துக்கு முன்பே தீவிரமாகப் பழக்க ஆரம்பித்த வீடுகளுக்குப் பெரிய லாபம் எதுவும் கிடைக்கவில்லை. பழக்கும் காலம்தான் நீண்டது. ஆறு மாதம் தள்ளித் தொடங்கி மூன்று மாதத்தில் முடிப்பதா, இப்போதே தொடங்கி ஒன்பது மாதம் ஜட்டி துவைப்பதா என்பதுதான் கேள்வி.

பாட்டி செய்தது பொய்யில்லை

கைக்குழந்தையைக் காலில் உட்காரவைத்து "ஸ்ஸ்ஸ்" என்று சத்தம் கொடுத்து ஒண்ணுக்குப் போகவைப்பதைக் கேலி செய்ய வேண்டாம். பால் குடித்த சிறிது நேரத்தில் குழந்தை முறுக்குவதையும் முகம் மாறுவதையும் பார்த்துப் பெரியவர் தூக்கிப்போகிறார். குழந்தைக்கும் அந்தச் சத்தமும் அந்த உட்காரும் நிலையும் பழகிவிடுகின்றன. துணி மிச்சம், தொடையிடுக்கில் புண்ணும் வராது. செய்ய ஆளிருந்தால் தாராளமாகச் செய்யலாம்.

ஆனால் அங்கே நேரம் பார்ப்பவர் பெரியவர். குழந்தை தானாக உணர்ந்து, அடக்கி, சொல்லி, போய் உட்காருவது இனிமேல்தான் வர வேண்டும். அதனால்தான் ஒரு வயதில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த குழந்தை நடக்கவும் ஓடவும் ஆரம்பித்ததும் காலில் உட்கார மறுத்து விறைத்துக்கொள்கிறது. பழகியது மறந்துபோனதாக எண்ண வேண்டாம். அந்த வேலையைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும் வயது வருகிறது, அவ்வளவுதான்.

மூன்று நாள் குறிப்பு

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஊர்ப்பயணம் இல்லாத மூன்று நாளைத் தேர்ந்தெடுங்கள். காலை எழுந்தது முதல் இரவு தூங்கும்வரை மணிக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்து "காய்ந்தது / நனைந்தது / ஆய்" என்று நேரத்தோடு எழுதுங்கள். சாப்பிட்டது, குடித்தது, தூங்கிய நேரம் எல்லாம் பக்கத்தில் இருக்கட்டும். காலண்டர் தாளின் பின்பக்கம் போதும்.

இதற்குச் சாதாரண காட்டன் ஜட்டிதான் சரி. டயப்பர் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் எப்போது நனைந்தது என்று தெரியாது. டயப்பர்தான் என்றால் உள்ளே மெல்லிய வெள்ளைத் துணியை மடித்து வையுங்கள், அதைத் தொட்டால் தெரியும். சில டயப்பரில் வெளியே ஒரு மஞ்சள் கோடு இருக்கும், ஈரம் பட்டதும் நீலமாக மாறும். அதுவும் உதவும்.

சமையலறையில் டிஜிட்டல் தராசு இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். புது டயப்பரை எடைபோட்டு வைத்துக்கொண்டு, நனைந்ததும் உடனே எடுத்து மறுபடி எடைபோடுங்கள். கூடிய ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மில்லி சிறுநீர். குழந்தையின் சிறுநீர்ப்பை கொள்ளும் அளவுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் உத்தேசக் கணக்கு: வயதோடு 1-ஐக் கூட்டி 30-ஆல் பெருக்க வேண்டும். 2 வயதுக்கு 90 மில்லி, 3 வயதுக்கு 120 மில்லி. ஒரு தடவைக்கு அதில் பாதிக்கு மேல் சேர்ந்து வருகிறது என்றால் பை தேக்கிவைக்கப் பழகியிருக்கிறது. அரைமணிக்கு ஒருமுறை இருபது, முப்பது மில்லியாக ஒழுகினால் இன்னும் இல்லை.

மூன்று நாள் முடிந்ததும் தாளைப் பாருங்கள். பகலில் இரண்டு மணி நேரமாவது காய்ந்தே இருக்கும் இடைவெளிகள் தினமும் வருகின்றனவா? மதியத் தூக்கம் முடிந்து எழும்போது சில நாளாவது காய்ந்திருக்கிறதா? ஆய் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருகிறதா, இரவில் வராமல் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் உடம்பு தயார். முதல் கேள்விக்கே இல்லை என்றால் தாளை மடித்து வைத்துவிட்டு ஆறு வாரம் கழித்து மறுபடி எழுதுங்கள்.

நம் ஊரில் இந்தக் குறிப்பு ஏமாற்றும் காலம் ஒன்று உண்டு: கத்திரி வெயில். மே மாதத்தில் குடித்த தண்ணீரில் பெரும்பகுதி வியர்வையாகப் போய்விடும். மூன்று மணி நேரம் காய்ந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டால், சிறுநீரின் நிறத்தையும் பாருங்கள். அடர் மஞ்சளாக இருந்தால் அது அடக்கும் திறமையில்லை, தண்ணீர் போதவில்லை. மோர், இளநீர், நுங்கு எல்லாம் கொடுத்து, நிறம் வெளிறிய பிறகு எழுதும் குறிப்பையே நம்பலாம்.

பேச்சிலும் நடத்தையிலும் தெரிவது

உடம்பு தயாரானாலும் குழந்தைக்குப் புரிய வேண்டும். அது மூன்று படியாக வரும். முதலில் முடிந்தபிறகு ஜட்டியைப் பிடித்துக் காட்டும். அடுத்து, போய்க்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். திரைச்சீலைக்குப் பின்னாலோ பீரோ இடுக்கிலோ போய்க் குந்தும், முகம் சிவக்கும். கடைசியில்தான் "வருது" என்று முன்கூட்டியே சொல்லும். பலர் இந்த மூன்றாவது படிக்காகக் காத்திருக்கிறார்கள். அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. ஒளிந்து போகிற குழந்தைக்கு வரப்போவது தெரிகிறது, இடம் மட்டும்தான் தெரியவில்லை. தொடங்க அதுவே நல்ல நேரம். மூன்றாவது படி பழகும்போது தானே வரும்.

இவற்றோடு, தானாகக் குந்தி எழ வேண்டும். எலாஸ்டிக் ஜட்டியை முழங்கால்வரை இறக்கத் தெரிய வேண்டும். "ஜட்டியைக் கழட்டு, கூடையில போடு" என்று சேர்த்துச் சொன்னால் இரண்டையும் செய்ய வேண்டும். நனைந்தால் அருவருப்போ எரிச்சலோ காட்ட வேண்டும். பெரியவர்கள் பாத்ரூம் போகும்போது பின்னாலேயே வந்து எட்டிப்பார்க்கும் குழந்தை ஏறக்குறைய தயார் என்றே சொல்லலாம்.

எதைக் கேட்டாலும் "மாட்டேன், வேணாம்" என்று தரையில் படுத்து உருளும் வாரங்களும் இந்த வயதில் வரும். அந்த வாரங்களில் தொடங்காதீர்கள். சாப்பாட்டில் நீங்கள் ஊட்டிவிட முடியும், குளியலில் தூக்கிப் போய்விட முடியும். இந்த ஒன்றில் மட்டும் குழந்தை மறுத்தால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

மலச்சிக்கல் இருந்தால் அதுதான் முதல் வேலை

பழக்கம் பாதியில் உடைந்துபோக மிகப் பொதுவான காரணம் இதுதான். ஒருமுறை கெட்டியாகப் போய் ஆசனவாயில் சின்ன வெடிப்பு வந்தால் வலிக்கும். வலித்ததால் அடுத்தமுறை குழந்தை அடக்கும். அடக்க அடக்கக் குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் இன்னும் கெட்டியாகும், இன்னும் வலிக்கும். அந்த நேரத்தில் 'பாட்டி' (potty) எனும் குழந்தைக் கழிவறை நாற்காலியில் உட்காரச் சொன்னால், வலிக்கு அந்த நாற்காலிதான் காரணம் என்று குழந்தை முடிவுகட்டிவிடும். பிறகு அதைப் பார்த்தாலே அழும்.

கால்களைப் பின்னிக்கொண்டு விறைப்பாக நிற்பது முக்குவது போலத் தெரியும். பெரும்பாலும் அது அடக்குவது. இன்னொரு ஏமாற்றும் உண்டு. பல நாளாக அடைத்துக்கொண்டிருக்கும் கெட்டி மலத்தைச் சுற்றி நீராக ஒழுகி ஜட்டியில் படும். வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதை நிறுத்த மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகும். இந்த இரண்டில் எது தெரிந்தாலும் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். வீட்டிலேயே சோப்புத் துண்டு, வெற்றிலைக் காம்பு வைப்பதெல்லாம் வேண்டாம்.

லேசான சிக்கல் என்றால் சாப்பாட்டிலேயே சரிசெய்யலாம். முதலில் பாலைக் கணக்குப் பாருங்கள். ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு 500 மில்லிக்கு மேல் பால் வேண்டியதில்லை. சாப்பிடமாட்டேன் என்கிற குழந்தைக்கு நாலு, ஐந்து தடவை புட்டியில் பால் கொடுக்கும் வீடுகளில் மலச்சிக்கலும் ரத்தசோகையும் சேர்ந்தே வரும். பப்பாளி, கொய்யா (விதை நீக்கி), கீரை மசியல், ஊறவைத்த உலர்திராட்சையை நசுக்கியது, உணவுக்கு நடுவில் தண்ணீர். இரண்டு வாரம் தொடர்ந்து மெத்தென்று, அழாமல் போன பிறகே பழக்கத்தைத் தொடங்குங்கள்.

வீடு தயாரா, பருவம் தயாரா

தொடங்கினால் குறைந்தது இரண்டு வாரம் பகலில் ஒரே ஆள் கூடவே இருக்க வேண்டும். அம்மா, பாட்டி, தாத்தா யாராக இருந்தாலும் சரி. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பகலில் பார்த்துக்கொள்பவர்தான் உண்மையான ஆசிரியர். அவர் ஒப்புக்கொள்ளாமல் சனி ஞாயிறு மட்டும் பழக்கினால் திங்கட்கிழமை எல்லாம் பழையபடி ஆகிவிடும். சொல்லும் இடமும் ஒன்றாக இருக்கட்டும். அம்மா "மூச்சா" என்று பாட்டி நாற்காலியில் உட்காரவைக்க, பாட்டியம்மா "ஒண்ணுக்கு" என்று கொல்லைப்புறச் சாக்கடையோரம் நிறுத்தினால் குழந்தைக்கு எது சரி என்று தெரியாது.

அடுத்த குழந்தை வயிற்றில் இருந்தால் வளைகாப்பைக் கணக்கில் வையுங்கள். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போய், பிரசவமாகி, திரும்பி வரும்வரை மூத்ததுக்கு வீடு மாறும், ஆள் மாறும், மடியும் போய்விடும். வளைகாப்புக்கு மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால் இப்போதே தொடங்கலாம். இல்லையென்றால் புதுக்குழந்தைக்கு மூன்று மாதமாகட்டும். வீடு மாற்றுவது, தாய்ப்பால் மறக்கடிப்பது, குலதெய்வக் கோயிலில் மொட்டை காதுகுத்து, மாசி மகத்துக்கு உறவுகள் வந்து தங்குவது, இப்படி எதற்கும் முன்னும் பின்னும் ஒரு வாரம் இடைவெளி விடுங்கள்.

பருவம் என்றால் கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டியது ஐப்பசி கார்த்திகை மழை. 2011 டிசம்பர் 30-ல் தானே, 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் என்று புயல்கள் நேராக இந்தக் கரையிலேயே ஏறியிருக்கின்றன. புயல் வராத வருடத்திலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஜட்டி காயாது, கரண்ட் போகும். தாழ்வான நகர்களில் செப்டிக் டேங்க் நிரம்பிக் கழிவறைத் தண்ணீர் இறங்காது. குளிரில் வியர்வை குறைந்து குழந்தை அடிக்கடி நனைக்கவும் செய்யும். வெளியே இருக்கும் கழிவறைக்கு மழையில் குடைபிடித்து ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இந்த மூன்று மாதத்தில் மூன்று நாள் குறிப்பு எழுதுங்கள், பாட்டி நாற்காலியை வாங்கி வையுங்கள். பழக்க வேண்டாம்.

பொங்கல் முடிந்த கையோடு தொடங்குவது பல வகையில் தோது. துணி ஒரே நாளில் காயும், வெயிலும் இன்னும் ஏறியிருக்காது, குழந்தை வெறும் ஜட்டியோடு திரியலாம். பகல் கட்டுப்பாடு நிலைபெற மூன்று முதல் ஆறு மாதம் ஆகும் என்று வைத்துக்கொண்டால் ஜூனில் பள்ளி திறக்கும்போது பெரும்பாலும் சரியாக இருக்கும். புதுச்சேரியில் ஏப்ரலிலேயே வகுப்பு தொடங்கும் பள்ளி என்றால் அந்தக் கணக்கு இடிக்கும். ஆடி ஆவணியில் ஆரம்பித்து மழைக்கு முன்பே பாதித் தூரம் போய்விடுவது நல்லது. குறிப்பில் குழந்தை தயாரில்லை என்று தெரிந்தால் மாதக்கணக்கை ஒதுக்கிவிட்டு, பள்ளியில் நேராகப் பேசுங்கள். மாற்று ஜட்டி நான்கு கொடுத்தனுப்பினால் பார்த்துக்கொள்ள ஆயாம்மா இருக்கிறாரா என்று கேட்பதில் தவறில்லை. அதற்கும் முடியாது என்கிற பள்ளியில் மூன்று வயதுக் குழந்தையைச் சேர்ப்பது பற்றி யோசிக்கத்தான் வேண்டும்.

வாங்க வேண்டியது கொஞ்சம்தான்

இசை பாடும், விளக்கு எரியும் பாட்டி நாற்காலி வேண்டாம், அது பொம்மையாகிவிடும். அடிப்பாகம் அகலமாக, உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதிந்து முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயரமாக இருக்க வேண்டும். குந்தும் நிலைக்கு அது நெருக்கம், மலம் சுலபமாக இறங்கும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் குழந்தைக்கான சின்ன இருக்கை வளையமும், காலுக்கு உறுதியான முக்காலியும் இரண்டுமே வேண்டும். கால் அந்தரத்தில் தொங்கினால் வயிற்றை அழுத்த முடியாது, விழுந்துவிடும் பயம் வேறு. இந்தியன் டாய்லெட் நல்லதுதான். ஆனால் மூன்று வயதுக்குள் கால் அகட்டி நிற்கும் அகலம் எட்டாது, பீங்கானும் வழுக்கும். அதுவரை பாட்டி நாற்காலியை அதன் பக்கத்திலேயே வையுங்கள்.

காட்டன் ஜட்டி பத்துப் பன்னிரண்டு. புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் குவித்து விற்பதே போதும், சற்றுத் தொளதொளப்பாக எடுங்கள். ஜிப், ஹூக், தோள்பட்டை வைத்த உடுப்புகளைக் கொஞ்சநாள் பீரோவில் வைத்துவிடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ரப்பர் ஷீட் ஒன்று.

தொடங்கிய பிறகு

முதல் வாரம் உடுப்போடே பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து பழகட்டும். டயப்பரில் போன ஆயைக் குழந்தை பார்க்கப் பாட்டி நாற்காலியில் கொட்டிக் காட்டுங்கள், எது எங்கே போக வேண்டும் என்பது அதிலேயே புரியும். இரண்டாம் வாரம் பகலில் டயப்பரை எடுத்துவிடுங்கள்.

சாப்பிட்ட 15 முதல் 30 நிமிடத்தில் குடல் தானாக அசையும். காலை இட்லி முடிந்ததும் உட்காரவைப்பது அதனால்தான் பலிக்கிறது. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். வரவில்லையென்றால் எழுப்பிவிடுங்கள். போனைக் கையில் கொடுத்து அரைமணி உட்காரவைத்தால் குழந்தை போன் பார்க்கப் பழகும், ஆய் போக அல்ல.

ஒண்ணுக்கு: எழுந்ததும், சாப்பாட்டுக்குப் பின், தூங்கும் முன், வெளியே கிளம்பும் முன், நடுவில் உங்கள் குறிப்பில் கண்ட இடைவெளிப்படி. பயந்துபோய்ப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை "வருதா, வருதா" என்று தூக்கிப்போகாதீர்கள். பை நிரம்பும் உணர்வே குழந்தைக்குத் தெரியாமல் போய்விடும். நனைக்கிறதே என்று தண்ணீரைக் குறைப்பதும் தப்பு. மஞ்சளாகி எரியும், எரிந்தால் அடக்கும்.

நனைத்தால் "சரி, அடுத்த தடவை பாட்டில போலாம்" என்பதோடு விடுங்கள். "ச்சீ, நாத்தம்" என்று மூக்கைப் பொத்தினால், தான் செய்தது அசிங்கம் என்று ஒளிக்க ஆரம்பிக்கும், மலச்சிக்கலும் பின்னாலேயே வரும். பையன்களை முதலில் உட்கார்ந்தே போகவிடுங்கள். நின்று போகப் பிறகு பழகலாம். ஆண்குறித் தோலைப் பலவந்தமாகப் பின்னுக்கு இழுக்க வேண்டாம். பெண்குழந்தைகளுக்கு முன்னிருந்து பின்னுக்குக் கழுவ வேண்டும், தலைகீழாகச் செய்தால் சிறுநீர்த் தொற்று வரலாம். கழுவிவிடுவது நாலைந்து வயதுவரை பெரியவர் வேலை. சோப்புப் போட்டுக் கை கழுவுவது முதல் நாளிலிருந்தே குழந்தை வேலை.

கடலூரிலிருந்து பாண்டிக்கு பஸ்ஸில் போவதானால் முதல் மாதம் டயப்பர் போட்டுக்கொள்ளுங்கள். ஏறுமுன் ஒருமுறை, இறங்கியதும் ஒருமுறை போகவைத்தால் போதும்.

நிறுத்துவதும் ஒரு முடிவுதான்

இரண்டு வாரத்தில் நனைவது கொஞ்சமும் குறையவில்லை, அல்லது பாட்டி நாற்காலியைக் கண்டாலே அழுகிறது, அல்லது ஆயை அடக்க ஆரம்பித்துவிட்டது என்றால் அன்றே நிறுத்துங்கள். திட்டாமல், "கொஞ்ச நாள் கழிச்சுப் பாக்கலாம்" என்று சொல்லி டயப்பரைப் போடுங்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி மூன்று நாள் குறிப்பிலிருந்து தொடங்கலாம்.

மருத்துவரிடம் போக வேண்டியவை: மலத்தில் ரத்தம், சிறுநீர் போகும்போது அழுகை, காரணம் தெரியாத காய்ச்சல், எந்நேரமும் சொட்டிக்கொண்டே இருப்பது, பையன்களுக்கு முக்கினாலும் மெல்லிய தாரையாக மட்டும் வருவது, 4 வயதாகியும் பகலில் கட்டுப்பாடே இல்லாதது. நன்றாகப் பழகிய குழந்தை திடீரென்று நனைக்க ஆரம்பித்து, தண்ணீரும் அதிகமாகக் கேட்டு, மெலிந்தும் போனால் காத்திருக்காதீர்கள், அன்றே சர்க்கரை பரிசோதிக்க வேண்டும். கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை, புதுச்சேரியில் எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை அல்லது ஜிப்மர், எங்கே போனாலும் அந்தக் குறிப்புத் தாளைக் கையோடு கொண்டுபோங்கள். மருத்துவர் கேட்கும் முதல் பத்துக் கேள்விக்கு அதில் பதில் இருக்கும்.

இரவு தனிக் கணக்கு. தூக்கத்தில் சிறுநீர் சுரப்பைக் குறைக்கும் ஹார்மோனும், நிரம்பினால் விழிக்கும் திறனும் வளர்ந்தால்தான் இரவு காயும். அதைப் பழக்கிக் கொண்டுவர முடியாது. 5 வயதுவரை படுக்கை நனைவதை நோயாக எண்ண வேண்டாம். நடுராத்திரி எழுப்பித் தூக்கிப்போவதால் படுக்கை காயலாம், குழந்தை ஒன்றும் கற்பதில்லை. காலையில் டயப்பர் தொடர்ந்து இரண்டு வாரம் காய்ந்திருந்தால் ரப்பர் ஷீட் விரித்து, டயப்பரில்லாமல் படுக்கவைத்துப் பாருங்கள். அதுவரை இரவில் டயப்பர் போடுவதால் பகல் பழக்கம் கெடாது. தூங்கப் போகும்போது மட்டும் மாட்டி, எழுந்தவுடன் கழற்றிவிட வேண்டும்.